தொட்டால் போதும்

தினேஷ்,

நேற்று உன்னைப் புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஆம்பூர் வந்து சேர்ந்ததும் உங்கப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா, அழுவுறியா?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பிள்ளை வேலைக்கு வெளியூர் போனால் தாய்க்காரி அழத்தான் வேண்டும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நிஜமாகவே எனக்கு அழுகை வரவில்லையப்பா. உன் கட்டிலில் கொஞ்சம் காலை நீட்டலாம் என்று படுத்தேன், அப்படியே தூங்கிப்போனேன். பட்டப்பகலில், துணியெல்லாம் சோப்பில் ஊறிக்கொண்டிருக்கும்போது, தாழ்ப்பாள்கூடப் போடாமல். எழுந்து பார்த்தால் உங்கப்பா துணியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. பாரம் இறங்கிய உடம்புதான் அப்படித் தூங்கும்.

இதையெல்லாம் போனில் சொன்னால் நீ "சரிமா, சரிமா" என்று நடுவிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனிக்கு இன்று லீவு. தையல் மெஷினில் ஷூவின் மேல்தோலைத் தைத்துத் தைத்துப் பழகிய கைக்குப் பேனா சரியாக நிற்கவில்லை; கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். இனிமேல் ஊரார் பிள்ளைகளின் கையையும் காலையும் பிடித்து நீ சொல்லித் தரப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்குச் சிலதைச் சொல்ல வேண்டும். எல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ அதைப் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் நீ கராத்தேயில் சேர்ந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். வெள்ளை உடுப்பு, இடுப்பில் கலர் பட்டை, வரிசையாக நின்று காற்றைக் குத்திக்கொண்டு "ஹா, ஹூ" என்று கத்தல். யார் மேலும் அடி படவில்லை, யாருக்கும் ரத்தம் வரவில்லை. ஆட்டம் ஆரம்பிக்கும்போதும் முடிந்ததும் குனிந்து கும்பிடு வேறு. இதுவல்லவோ படிப்பு என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் உனக்கு அது சலித்துவிட்டது. "காத்தோட சண்டை போட்டு இன்னாமா ஆவப்போவுது?" என்று வேலூருக்குப் போய் பாக்ஸிங்கில் சேர்ந்தாய். மூக்கு வீங்கி வந்தாய். பிறகு அதுவும் போதாமல் தாய்லாந்துக்காரர்களின் முவாய் தாய் வந்தது. அன்றைக்கு நான் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருக்க, நீ பக்கத்தில் நின்று ஆடிக் காட்டினாய். "பாக்ஸிங்ல கை ரெண்டுதான்மா ஆயுதம். இதுல கை ரெண்டு, முழங்கை ரெண்டு, முட்டி ரெண்டு, கால் ரெண்டு." நான் "பல்லு ரெண்டு வரிசை இருக்கே, அத்த ஏன் உட்டுட்டாங்க?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே காலைச் சுழற்ற, தட்டு ஸ்டாண்டு மொத்தமும் கீழே வந்தது. எதிர்வீட்டுக்காரி சண்டை என்று நினைத்து ஓடி வந்தாள்.

முட்டிக்குக் கீழே இருக்கும் எலும்பை மணல் மூட்டை மேல் அடித்து அடித்து நீ மரத்துப்போக வைத்துக்கொண்டிருந்தாய். எண்ணெய் தேய்த்துவிடும்போது அந்த இடம் என் கைக்குக் கட்டையாகத் தெரியும். உங்கப்பாவுக்கு அதில் பெருமை. லோடு ஆட்டோ ஸ்டாண்டில் யார் கிடைத்தாலும் உன் போட்டோவைக் காட்டுவார். எனக்குப் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. பயம் உனக்கு அடிபடுமே என்றுதான். உன்னால் வேறொருத்தி பிள்ளைக்கு அடிபடும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

நீ கடைசியாக ஆடிய அந்த முவாய் தாய் போட்டிக்கு நான் வரவில்லை. ஏற்றுமதிக்குச் சரக்கு அவசரம் என்று எங்களுக்கு ஓவர்டைம் போட்டிருந்தார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது உங்கப்பா டீக்கடையில் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். "இங்க வந்து பாருடி, உம் புள்ள ஒரே உதைல சாச்சுட்டான்!" என்றார். யாரோ அந்த வீடியோவுக்கு மேளச் சத்தம் போட்டு அனுப்பியிருந்தார்கள். உன் கால் மேலே போகிறது, எதிரே இருந்த பையனின் தலை ஒரு பக்கமாகத் திரும்புகிறது, அவன் விழுகிறான். அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். கூட்டம் விசில் அடித்தது. தலைக்கவசம் போட்டிருந்தான், எழுந்துவிட்டான், உன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான் என்று நீயும் வந்து சொன்னாய். நான் உனக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில்தான் உன் மாஸ்டர் போன் செய்தார். தன் ஊர் மேல்விஷாரத்துக்குப் போகிற வழியிலேயே அந்தப் பையன் வாந்தி எடுத்திருக்கிறான். வீட்டுக்குப் போனதும் பேச்சு குழறியிருக்கிறது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று திறந்து எடுத்திருக்கிறார்கள். இன்னும் கண் விழிக்கவில்லை. பெயர் இம்ரான். அவன் பெயரையே நான் அப்போதுதான் கேட்டேன். நீ போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாய். உங்கப்பா "விதிப்படிதானே அடிச்ச, உன் மேல தப்பில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் அந்த வீடியோவை இன்னும் பத்துப் பேர் பார்த்து உனக்குக் கை தட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உன் போன் டிங் டிங் என்று அடித்தபடியே இருந்தது. உங்கப்பாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஸ்டாண்டுக்குப் போய் ஒவ்வொருத்தரிடமும் "அத்த அழிச்சுடுபா, அந்தப் பையன் ஆஸ்பத்திரில கெடக்குறான்பா" என்று கெஞ்சி, அவர்கள் கண்முன்னால் அழிக்க வைத்துவிட்டு வந்தார். தெரியாதவர்கள் போனில் இருப்பதை யார் அழிப்பது?

நீ சாப்பிடவில்லை, வேலைக்கும் போகவில்லை. நான் தட்டை உன் முன்னால் வைத்தபோது கேட்டாய், "அவன் செத்துட்டா நான் இன்னாமா?" என்று. தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். அப்படி நடந்திருந்தாலும் நீ என் பிள்ளைதான். ஆனால் நீ, நான், உங்கப்பா, மூன்று பேருமே வேறு ஆட்களாகிப் போயிருப்போம். அதன்பிறகு இந்த வீட்டில் யாரும் கலகலவென்று சிரித்திருக்க மாட்டோம்.

உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ வரவில்லை. அதனால் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீவிர சிகிச்சை வார்டுக்கு வெளியே வரிசையாக நாற்காலி. கறுப்பு பர்தாவில் ஒரு அம்மா ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், "நான் தினேஷோட அம்மா" என்றேன். அவர் உதடு அசைவது நின்றது. "எதுக்கு வந்தீங்க? எம் புள்ள எப்டி இருக்கான்னு பாத்துட்டுப் போயி வீட்ல சொல்றதுக்கா?" என்றார். கோபப்பட அவருக்குப் பாத்தியதை உண்டு. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும். அவர் ஷமீம் அக்கா. வீட்டுக்காரர் வெளிநாட்டில், மகளைக் கட்டிக் கொடுத்தது புதுச்சேரியில், மகள் வந்து சேரும்வரை கூட ஆளில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் அவர் தடுமாறியபோது, நான் கையை நீட்டினேன். அவர் கையிலிருந்த சீட்டைக் கொடுத்தார். அதன்பிறகு ஓடுகிற வேலையெல்லாம் நான் பார்த்தேன், கதவருகே அவர் இருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை ஜாஸ்தியாகப் பேசவில்லை.

இம்ரான் கண்ணைத் திறந்து "அம்மி" என்று சொன்ன அன்று ஷமீம் அக்கா வெளியே வந்து முதலில் கண்ணில் பட்ட ஆளைக் கட்டிக்கொண்டார். அந்த ஆள் நான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "உம் புள்ள இன்னா பண்றான்?"

"சாப்ட மாட்றான் அக்கா. ரூம்லயே கெடக்குறான்."

"எம் புள்ள சாப்ட முடியாம மூக்குல குழாய் வெச்சுக்கினு படுத்திருக்கான். உம் புள்ள சாப்ட முடிஞ்சும் சாப்டாம கெடக்குறானா? போ, போய்க் கூட்டினு வா அவன."

அந்த அதட்டலைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மன்னிச்சுட்டேன், பரவாயில்ல என்றெல்லாம் அவர் சொல்லியிருந்தால் எனக்கு அப்படி இருந்திருக்காது. உரிமையோடு திட்டினார் பார், அதில்தான் தெம்பு வந்தது.

நீ வந்தாய். கட்டிலருகே தலையைத் தொங்கப்போட்டு நின்றாய். இம்ரான் தலையில் பாதிக் கட்டு, மீதி மொட்டை. உன்னைப் பார்த்ததும், குழறிக் குழறி, "இன்னா தோஸ்த், முடியெல்லாம் எடுத்துட்டானுங்க பாரு" என்றான். அப்புறம், "அந்த உதை வந்ததே எனக்குத் தெர்லடா. நல்லா அடிச்ச" என்றான். நீ அங்கேயே கீழே உட்கார்ந்து அழுதாய். நர்ஸ் வந்து சத்தம் போட்டு வெளியே அனுப்பினார். ஆஸ்பத்திரி கேன்டீனில் நீ அன்று தின்ற இட்லியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பரிமாறின பையனே பயந்துவிட்டான்.

இம்ரான் தேறிவரப் பல மாதங்களாயின. தலையில் இனி ஒரு தட்டுகூடப் படக்கூடாது, ஆட்டமெல்லாம் முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீயும் கையுறைகளைக் கட்டிப் பரண்மேல் போட்டாய். வேலை, வீடு, வேலை. உன்னை அந்த நிலையில் பார்க்க நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உடம்பு பத்திரமாகத்தான் இருந்தது, ஆள்தான் இல்லை. கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவாய்.

அப்போதுதான் இம்ரானும் ஷமீம் அக்காவும் ஒரு வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார்கள், ஞாபகமிருக்கிறதா? ஆம்பூருக்கே பிரியாணி எடுத்துக்கொண்டு வருகிற தைரியம் மேல்விஷாரத்துக்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் இம்ரான் போனை எடுத்தான். அவன் புதுச்சேரியில் அக்கா வீட்டில் ஓய்வெடுத்தபோது பார்த்த ஒரு ஆட்டமாம். "பிரெஞ்சுக்காரங்க கிக் பாக்ஸிங்மா. பேரு சவாத். சவாத்னா அவங்க பாஷைல பழைய செருப்புன்னு அர்த்தமாம். எல்லாரும் வெறுங்கால்ல அடிப்பாங்க இல்ல, இவங்க மட்டும் ஷூ போட்டுக்கினு அடிப்பாங்க."

உங்கப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "செருப்பாலயே ஒதைக்கிறதா? அத்த ஒரு வெளையாட்டுன்னு சொல்றியா?"

ஷமீம் அக்கா, "யா அல்லா, நம்ம ஊர்ல செருப்ப கையில எடுத்தாலே வெட்டுக்குத்து ஆயிடும். அங்க இன்னா, காசு குடுத்துக் கத்துக்கறாங்களா?" என்றார். நான் அதற்கு, காலமெல்லாம் ஷூ தைக்கிறேன், இது எதற்கெல்லாம் ஆகிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றேன். நம் வீட்டில் வெகு நாளைக்கப்புறம் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு வேணாம்டா" என்று எழுந்து போனாய். இம்ரான் விடவில்லை. "அடிக்கிற வெளையாட்டு இல்லடா. இதுல ஒரு வகை இருக்கு, ஜோரா அடிச்சா தப்பு. தொட்டாப் போதும், பாயின்ட். வந்து பாரு, பாத்துட்டு வேணாம்னா வுட்டுடு" என்று உன் பின்னாலேயே மாடிவரை வந்தான். அவன் கேட்டு நீ எப்படி மாட்டேன் என்பாய்?

சவாத் சொல்லித் தருகிற லூர்து மேடம் புதுச்சேரிக்காரர். அவர் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் மாற்றலாகிக் காட்பாடிக்கு வந்திருந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், கைக்குழந்தைக்காரி. வகுப்பு நடந்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். முகூர்த்தம் இல்லாத நாளில் மேசையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு ஆடுவார்கள். சாம்பார் வாசனை போகவே போகாது. முதல் நாள் நானும் உங்கப்பாவும் கூட வந்தோம். நீ திரும்பி ஓடிவிடுவாயோ என்று பயம்.

மேடம் முதலில் எல்லோர் ஷூவையும் வாங்கி, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். கூராக எதுவும் துருத்தக்கூடாது, குதிகால் உயரம் கூடாது, மெல்லிய தட்டையான அடி. அதைப் பார்த்ததுமே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அடிக்கப் போகிறவன் காலைப் பற்றி யோசிக்காமல், படப் போகிறவன் தோலைப் பற்றி யோசிக்கிறாரே என்று. பிறகு சட்டம் சொன்னார். கை உண்டு, பாதம் உண்டு, அவ்வளவுதான். முழங்கை கிடையாது, முட்டி கிடையாது. முட்டிக்குக் கீழே எலும்பு பட்டால் அதுவும் தப்பு. நீ வருஷக்கணக்காக எண்ணெய் போட்டு வளர்த்த ஆயுதத்துக்கு அங்கே வேலையே இல்லை. முவாய் தாயில் உன் கால் உலக்கை மாதிரி வரும், பட்ட இடம் நொறுங்கும். இங்கே காலைச் சாட்டை மாதிரி சொடுக்க வேண்டும், நுனி மட்டும்தான் பட வேண்டும். ஃபுவெத்தே என்று அதற்குப் பெயர், சாட்டையடி என்றே பொருள் என்றார். இன்னொன்று, முட்டியை நெஞ்சுவரை மடக்கி நேராகத் தள்ளுவது. எதிராளியோடு ஒட்டி நின்று கட்டிப்பிடிக்கிற பேச்சே இல்லை, எட்ட நின்று, நுழைந்து, தொட்டு, விலக வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த உங்கப்பா, "நம்ம சிலம்பம் மாரிதான் தூரம் வெச்சு ஆடறாங்க" என்று முணுமுணுத்தார். ஆகாது என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அன்று முழுசாக இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

நீ பலமாக அடித்துவிடுவாயோ என்றுதான் நான் பயந்தேன். நடந்தது வேறு. உன் கால் இடுப்புக்கு மேலே எழவே இல்லை. எதிரே நின்ற பெண் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், நீ தொடையைத் தொட்டுவிட்டுப் பின்வாங்குகிறாய். லீவு நாளில் நான் வந்து பார்க்கும்போதெல்லாம், வாரக்கணக்காக அப்படித்தான். ஒருநாள் மேடம் ஆட்டத்தை நிறுத்திக் கேட்டார். "தினேஷ், உங்களுக்கு அடிக்கத் தெரியும், அது பார்த்தாலே தெரியுது. இப்ப அடிக்கப் பயப்படறீங்க, அதுவும் தெரியுது. பயந்து கால எடுக்காம இருக்கறது கட்டுப்பாடு இல்ல. எடுத்து, கொண்டுபோயி, நிறுத்தணும். அது வருமா?" ஓரத்தில் உட்கார்ந்திருந்த இம்ரான் எழுந்தான்.

முந்தின நாள் வரவேற்பில் கட்டின பலூன்கள் அந்தக் கூடத்தின் மூலையில் கிடந்தன. ஒன்றை எடுத்து, ஃபேன் கொக்கியில் நூல் கட்டித் தன் தலை உயரத்துக்குத் தொங்கவிட்டான். "இதான் என் மண்டை. ஷூவால தொடு. ஒடைச்ச, உன்ன உட மாட்டேன்" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. உனக்கு வியர்த்துக் கொட்டியது. முதல் உதை பக்கத்திலேயே போகவில்லை. அடுத்தது பலூனைச் சுவர்வரைக்கும் துரத்தியது. அது உடையும்போதெல்லாம் நீ கண்ணை மூடினாய், இம்ரான் இன்னொன்றைக் கட்டினான். அப்படியே வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் உன் கால் மேலே போனது, ஷூவின் நுனி பலூனைத் தொட்டது, பலூன் லேசாகத் தலையாட்டிவிட்டு நின்றது. நீ காலை இறக்காமல் ஒற்றைக்காலில் நின்றபடியே இம்ரானைப் பார்த்தாய். அவன் போய்த் தண்ணீர் குடித்தான். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடித்தான்.

உன் முதல் போட்டிக்கு நானும் ஷமீம் அக்காவும் சேர்ந்தே வந்தோம். நீ போட்டியில் ஆடுவதை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதிரே ஒரு சென்னைப் பையன், நல்ல உயரம். மணி அடிக்கிற வேலை இம்ரானுக்கு. ஆட்டம் சூடானதும் ஷமீம் அக்கா துப்பட்டாவைக் கண்மேல் இழுத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். இரும்புப் பிடி. உன் கால் எழுந்தது. எனக்கு அந்த வீடியோதான் கண்முன் வந்தது, அதே வலது கால், அதே வளைவு. அந்தப் பையனின் காதோரம் போய், தொட்டு, வந்துவிட்டது. அவன் தலைக்கவசத்தைச் சரி பண்ணிக்கொண்டு, உன்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி ஆட வந்தான்.

"முடிஞ்சுதா? வுழுந்துட்டானா?" என்றார் ஷமீம் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"இல்லக்கா. தொட்டுட்டு வந்துட்டான். அவன் நிக்கிறான், நல்லா நிக்கிறான்."

அப்போதுதான் அவர் துப்பட்டாவை விலக்கினார். அந்தப் போட்டியில் நீ தோற்றாய். நடுவர்கள் அந்தப் பையன் கையைத் தூக்கினார்கள். தோற்ற பிள்ளைக்கு இவ்வளவு கை தட்டின இரண்டு பொம்பளைகளை அந்த அரங்கம் அதற்கு முன் பார்த்திருக்காது. வெளியே வந்து, சந்தோஷத்தில் ஆளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அவருக்கு சர்க்கரை இருப்பது இரண்டாவதை முடித்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

இப்போது நீ ஆசிரியர். லூர்து மேடம் சொல்லித்தான் அந்தப் புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் உன்னை எடுத்திருக்கிறார்கள். அவர் பெயரைக் காப்பாற்று. பிள்ளைகளிடம், சவாத்தான் உசத்தி, மற்றதெல்லாம் முரட்டுத்தனம் என்று மட்டும் பேசிவிடாதே. சவாத்திலும் முழுப் பலத்தோடு மோதுகிற வகை இருக்கிறது, அதிலும் ஆள் விழுவான் என்று நீயேதான் எனக்குச் சொன்னாய். முவாய் தாய் மாஸ்டர் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வலியைக் கண்டு ஓடாமல் நிற்க உனக்குக் கற்றுத் தந்தவர் அவர். கையைக் கன்னத்தை விட்டு இறக்காதே என்பது பாக்ஸிங்கில் வந்தது, கும்பிட்டுவிட்டு ஆரம்பிப்பது கராத்தேயில் வந்தது. உன் கால் எங்கே போய் முடிகிறது என்று தெரிந்துகொண்டது மட்டும் சவாத்தில். ஆட்டம் எதுவானாலும் எதிரே நிற்கிறவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை. உனக்கு அது தெரிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது உன்னைப்போலத் தெரிய வேண்டாம். நீ சொல்லித் தெரியட்டும்.

தலையில் பட்டது என்று ஒரு பிள்ளை சொன்னால், சொல்லாவிட்டாலும் உனக்குச் சந்தேகம் வந்தால், ஆட்டத்தை நிறுத்து. அவன் எழுந்து நின்று கையைத் தூக்கிக் காட்டினாலும் நம்பாதே. வீட்டுக்குப் போன் பண்ணி, வாந்தி எடுத்தானா, தூங்கி வழிகிறானா என்று அம்மாவிடம் கேள், உடனே டாக்டரிடம் அனுப்பு. யாராவது ஒரு பிள்ளை விழுவதைப் படம் பிடித்தால் அங்கேயே அழிக்க வை. கோழை சார் என்று சொல்லுவார்கள். சொல்லட்டும். தாய்மார்கள் வகுப்பைப் பார்க்க வந்தால் உட்கார நாற்காலி போடு. வெளியே நிற்க வைக்காதே. பார்க்கவிட்டால்தான் அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள், இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

கடிதத்தை இதோடு முடித்து, மடிக்கிற நேரத்தில் ஷமீம் அக்கா போன் பண்ணினார். குரலே வேறு மாதிரி இருந்தது. இன்று காலை இம்ரானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதாம். வலிப்பு வரக்கூடாது என்று இத்தனை காலமும் தின்றுகொண்டிருந்தானே, அந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இனி வண்டிகூட ஓட்டலாமாம். அக்கா பேசப் பேச அழுகிறார், அழுதுகொண்டே சிரிக்கிறார். உங்கப்பாவிடம் சொன்னேன். மனுஷன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நேற்று வராத அழுகை எனக்கு இப்போது வந்தது.

உடனே உனக்குப் போன் பண்ணிச் சொல்லப்போகிறேன் என்றேன். அதற்குள் இம்ரான் ஷமீம் அக்காவிடமிருந்து போனைப் பிடுங்கி, "அம்மா, அவனுக்கு யாரும் சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம நானே புதுச்சேரி போயி, நேர்ல நின்னு சொல்லணும்" என்றான். சரி என்று வாக்குக் கொடுத்தேன். போனில் சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்கு. எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லையே. இந்தக் கடிதம் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

அதனால் கண்ணு, ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து கதவைத் தட்டும்போது உனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி இரு. அவன் சொல்லி முடிக்கிறவரைக்கும் சிரித்துவிடாதே.

உன்
அம்மா